ஒரே வாசல் இரண்டானது: பிரித்தானியா பிரிந்ததில் மலையக வியாபாரிக்கு என்ன பாடம்?

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. நோன்பு மாதம். ஹட்டன் கடைவீதியில் பெருநாள் வியாபாரம் சூடு பிடித்திருந்த நேரம். மாலையில் எனது புடவைக் கடைக்கு ஒரு தோட்டத் தொழிற்சாலையின் டீமேக்கர் வந்தார். எங்களுக்குள் இருபது வருடப் பழக்கம். கதிரையில் அமர்ந்ததும் துணியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

“நானா, வெள்ளைக்காரன் ஐரோப்பாவை விட்டுப் பிரியப் போறானாமே. டீவியில காலையில இருந்து அதேதான். இனி நம்ம தேயிலை என்னாகும்?”

“விலை விழும் ஐயா” என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல. “லண்டன்காரன் கையில காசு குறைஞ்சா தேத்தண்ணியையும் குறைப்பான். தோட்டம் கஷ்டப்படும். பொறகு நம்ம கடைவீதியும் கஷ்டப்படும்.”

நான் சொன்னது முழுப் பிழை. பிழையை வாயோடு நிறுத்தியிருந்தால் நஷ்டமில்லை. அந்த வருடம் தீபாவளிக்கு வழக்கமாக எடுக்கும் சரக்கில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தே ஓடர் கொடுத்தேன். ஒக்டோபரில் கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தாகி, கொடுப்பனவுகள் எல்லாம் சேர்த்து தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 730 ரூபாவானது. தீபாவளிக்கு முந்திய கிழமையே எனது கடையில் நல்ல சேலைகள் முடிந்துவிட்டன. இருபது வருட வாடிக்கையாளர்கள் என் கண் முன்னே அடுத்த கடைக்குள் ஏறினார்கள். மறுவருடம், 2017 இல், கொழும்புத் தேயிலை ஏலத்தின் சராசரி விலை அதுவரை காணாத உயரத்துக்குப் போனது.

அப்படியானால் பிரித்தானியாவின் பிரிவு நம்மைத் தொடவே இல்லையா? தொட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்த வாசலால் வராமல் வேறு வாசலால் வந்தது. அது எந்த வாசல் என்பதை நமது வர்த்தகர்களும் சிறு முயற்சியாளர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

கூட்டு என்றால் என்ன?

ஐரோப்பிய ஒன்றியத்தை ஒரு பெரிய கடைத்தொகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று அதில் 28 கடைகள் இருந்தன, இன்று 27. தொகுதிக்கு வெளியே ஒரே மதில். அந்த மதிலில் எந்த வாசலால் சரக்கு போனாலும் ஒரே தீர்வை, ஒரே சட்டம். உள்ளே போன பிறகு ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குச் சரக்கை மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து போகும் ஒரு பெட்டி இங்கிலாந்தின் பீலிக்ஸ்டோ துறைமுகத்தில் இறங்கினாலும் சரி, ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் இறங்கினாலும் சரி, சுங்கத்தை ஒருமுறை தாண்டிவிட்டால் அன்று பாரிஸ் வரைக்கும் தடையில்லாமல் ஓடியது.

2016 ஜூன் 23 ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் 51.9 வீதமானோர் பிரிய வேண்டும் என்றும் 48.1 வீதமானோர் இருக்க வேண்டும் என்றும் வாக்களித்தனர். 2020 ஜனவரி 31 இல் பிரித்தானியா சட்டப்படி வெளியேறியது. ஆனாலும் அந்த வருட முடிவு வரை பழைய ஒழுங்கே நடைமுறையில் இருந்தது. உண்மையான மதில் எழுந்தது 2021 ஜனவரி 1 ஆம் திகதி. அதற்கு ஒரு கிழமைக்கு முன்னர்தான், 2020 டிசம்பர் 24 இல், இரு தரப்பும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. ‘தீர்வையும் இல்லை, கோட்டாவும் இல்லை’ என்பதே அதன் தலைப்புச் செய்தி. பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போட்டன. அதற்குள் இருந்த ஒரு நிபந்தனையைப் பலர் கவனிக்கவில்லை. தீர்வையில்லாமல் போகவேண்டுமானால் அந்தப் பொருள் பிரித்தானியாவிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ உற்பத்தியானதாக இருக்க வேண்டும். வேறு நாட்டில் செய்த பொருளை லண்டனில் இறக்கி, அங்கிருந்து பாரிஸுக்கு அனுப்பினால் அந்தச் சலுகை கிடையாது.

தேயிலை தப்பியது எப்படி?

முதலில் தேயிலையைப் பார்ப்போம். கறுப்புத் தேயிலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் எந்த நாட்டிடமும் தீர்வை அறவிடுவதில்லை. பிரித்தானியா உள்ளே இருந்தபோதும் அதே நிலைதான். தீர்வையே இல்லாத பொருளுக்குத் தீர்வை மதில் எழுந்து என்ன, விழுந்து என்ன? 2016 இல் இந்த ஒரு விபரத்தை யாரிடமாவது கேட்டிருந்தால் எனது தீபாவளிச் சரக்கைக் குறைத்திருக்க மாட்டேன்.

இரண்டாவது காரணம் பழைய கதை. எனது வாப்பா காலத்தில் தோட்டத்துக் கணக்குப்பிள்ளைமார் கடைக்கு வந்தால் ‘லண்டன் விலை’ என்றுதான் பேசுவார்கள். 1679 இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் லண்டன் தேயிலை ஏலம் உலகத்துக்கே விலை சொன்ன காலம் அது. 1883 இல் ஆரம்பித்த கொழும்பு ஏலம் படிப்படியாக வளர்ந்து பெரிதானது. லண்டன் ஏலமோ 1998 ஜூன் 29 ஆம் திகதி கடைசி மணியடித்து மூடப்பட்டது. பிரித்தானியர் குடிக்கும் தேயிலையில் பெரும்பகுதி இப்போது கென்யாவிலிருந்து போகிறது. நமது தேயிலைக்கு ஈராக், ரஷ்யா, ஐக்கிய அரபு இராச்சியம், துருக்கி, லிபியா போன்ற நாடுகள்தான் பெரிய வாடிக்கையாளர்கள். 2024 இல் நாம் ஏறத்தாழ 245 மில்லியன் கிலோ தேயிலை ஏற்றுமதி செய்து 1.43 பில்லியன் டொலர் உழைத்தோம். அதில் லண்டன்காரனின் பங்கு சிறியது.

மலையகத் தேயிலைக்கு அண்மைக் காலத்தில் விழுந்த பெரிய அடி உள்ளூரிலிருந்தே வந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. அந்த வருட இறுதிக்குள் தடை நீக்கப்பட்டாலும் கொழுந்து திரும்ப வரவில்லை. 2021 இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி 2022 இல் சுமார் 251 மில்லியன் கிலோவாக இறங்கியது. அந்த நாட்களில் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கடன் கொப்பி வைத்திருந்த ஒவ்வொரு கடைக்காரருக்கும் அந்த வலி தெரியும்.

தலவாக்கலைப் பெட்டிகள் பாரிஸ் போகாமல் நின்ற கதை

இனி அடி விழுந்த இடத்துக்கு வருவோம். தலவாக்கலையில் எனக்கு ஒரு வியாபார நண்பர் இருக்கிறார். பெயர் வேண்டாம். தேயிலைச் சபையில் முறையாகப் பதிவு செய்து, ஹைகுரோன் தேயிலையை நூறு கிராம், இருநூறு கிராம் பக்கட்டுகளில் அடைத்து அனுப்புபவர். வீட்டோடு சேர்ந்த ஒரு மண்டபம், நான்கு பெண்கள், ஒரு சீலிங் மெஷின். இவ்வளவுதான் அவரது தொழிற்சாலை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பலரின் சரக்கோடு சேர்ந்து போகும் கொள்கலனில் அவரது பெட்டிகள் லண்டனுக்குப் போகும். அங்கே அவரது சகோதரியின் மகன் அவற்றைத் தமிழ்க் கடைகளுக்குக் கொடுப்பார். அதில் ஒரு பங்கை வேனில் ஏற்றி பாரிஸ் லா சப்பல் பகுதிக் கடைகளுக்கும் கொண்டுபோவார். நல்ல இலாபம் பாரிஸில்தான் இருந்தது.

2021 ஜனவரிக்குப் பிறகு அந்த வேனுக்கு என்ன நடந்தது தெரியுமா? பிரித்தானியப் பக்கத்தில் ஏற்றுமதிப் பிரகடனம். பிரெஞ்சுப் பக்கத்தில் இறக்குமதிப் பிரகடனம். இரண்டுக்கும் பதிவு இலக்கம். ஐரோப்பாவுக்குள் பொறுப்பேற்க ஓர் இறக்குமதியாளர். வாசலிலேயே பெறுமதி சேர் வரி. இவற்றையெல்லாம் செய்து தர ஒரு கிளியரிங் ஏஜென்ட். தேயிலைக்குத் தீர்வை அன்றும் பூச்சியம், இன்றும் பூச்சியம். ஆனால் அந்தப் பூச்சியத்தை எழுதி ஒப்பமிடுவதற்கு ஏஜென்டுக்குக் காசு கொடுக்க வேண்டும். முப்பது பெட்டிக்கும் அதே கட்டணம், மூவாயிரம் பெட்டிக்கும் கிட்டத்தட்ட அதே கட்டணம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கொண்டாட்டம் ஏஜென்டுக்கு.

அதோடு முடியவில்லை. பக்கட்டில் லண்டன் முகவரி மட்டுமே அச்சடிக்கப்பட்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்கும் உணவுப் பொருளின் லேபலில் ஒன்றியத்துக்குள் இருக்கும் ஒருவரின் முகவரி வேண்டும் என்பது சட்டம். பிரித்தானியா உள்ளே இருந்தவரை லண்டன் முகவரி போதுமானது. வெளியேறிய பிறகு அது வெளிநாட்டு முகவரி. பழைய விலையில் கிடைக்கிறது என்று ஒரேயடியாக அச்சடித்து வைத்திருந்த அட்டைகள் பாரிஸுக்கு உதவாமல் மூலையில் கிடந்தன.

நண்பர் என்னிடம் சொன்னார்: “மச்சான், தேயிலையில பிழை இல்ல, விலையில பிழை இல்ல, வாங்குற ஆளும் விட்டுப் போகல்ல. கடதாசிதான் என்னைய வெட்டிச்சு.”

பாரிஸ் கடைக்காரர் ஜேர்மனி வழியாக வேறு சரக்கு எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. தலவாக்கலை மண்டபத்தில் கிழமைக்கு ஐந்து நாள் வேலை செய்த நான்கு பெண்களுக்கு மூன்று நாள் வேலையானது. பிரசல்ஸிலும் லண்டனிலும் பெரிய மனிதர்கள் ஒப்பமிட்ட பேனாவின் மை, மேல்கொத்மலை நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கும் ஒரு வீட்டு அடுப்பில் வந்து விழுந்தது.

பெரியவன் தாங்கினான், சிறியவன் நின்றான்

இது நமது நண்பர் ஒருவரின் கதை மட்டுமென்று எண்ண வேண்டாம். பிரிந்துபோன பிரித்தானியாவின் சொந்த வியாபாரிகளுக்கும் இதே கதிதான். 2021 ஜனவரியில், மதில் எழுந்த முதல் மாதத்திலேயே, ஐரோப்பிய ஒன்றியத்துக்கான பிரித்தானியப் பொருள் ஏற்றுமதி முந்திய மாதத்தைவிட 40.7 வீதம் குறைந்ததாக அந்நாட்டுப் புள்ளிவிபர அலுவலகம் முதலில் அறிவித்தது. கொரோனா முடக்கமும் அதில் சேர்ந்திருந்தது உண்மை. பிறகு ஓரளவு மீண்டது. மீண்டவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

லண்டன் ஸ்கூல் ஒப் இக்கொனொமிக்ஸ் ஆய்வாளர்கள் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. முன்னர் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்துவந்த பிரித்தானியக் கம்பனிகளில் சுமார் 14 வீதம், அதாவது ஏறத்தாழ 16,400 கம்பனிகள், அங்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டன. நிறுத்தியவை பெரும்பாலும் சிறிய கம்பனிகள். மிகப் பெரிய கம்பனிகளின் ஏற்றுமதி பெரிதாக அசையவில்லை. பெரிய கம்பனிக்குத் தனியாகச் சுங்கப் பிரிவு இருக்கிறது, சட்டத்தரணி இருக்கிறார், ஐரோப்பாவுக்குள் இன்னொரு களஞ்சியம் திறக்கக் காசும் இருக்கிறது. சின்னக் கடைக்காரருக்கு முதலாளியும் அவரே, கணக்காளரும் அவரே, பெட்டி கட்டுபவரும் அவரே.

பெரியவர்களும் முற்றாகத் தப்பவில்லை. இலங்கையில் தைக்கும் ஆடைகளை வாங்கி விற்கும் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் நிறுவனம், பிரித்தானியாவிலிருந்து பிரான்ஸுக்குப் புதிய உணவுப் பொருட்களை நேரத்துக்கு அனுப்ப முடியவில்லை என்று கூறி 2021 இல் அங்கிருந்த தனது 11 கடைகளை மூட முடிவு செய்தது. ஆனால் அதற்கு உலகமெங்கும் வேறு கடைகள் உண்டு. தலவாக்கலை நண்பருக்கு ஒரே ஒரு பாரிஸ்தான்.

நாட்டின் மொத்தக் கணக்கு? பிரிவின் காரணமாக நீண்ட காலத்தில் பிரித்தானியாவின் உற்பத்தித் திறன் 4 வீதம் குறைவாக இருக்கும் என்றும், ஏற்றுமதி இறக்குமதி இரண்டும் 15 வீதம் குறைவாக இருக்கும் என்றும் அந்நாட்டின் வரவுசெலவுக் கண்காணிப்பு அலுவலகம் மதிப்பிட்டது. பிரிந்தால் நாடு ஒரே இரவில் மூழ்கும் என்று சொன்னவர்களின் வாக்கும் பலிக்கவில்லை, பிரிந்தால் தேனும் பாலும் ஓடும் என்றவர்களின் வாக்கும் பலிக்கவில்லை. மெதுவாகக் கசியும் தண்ணீர்த் தாங்கியைப் போன்றது இந்த நஷ்டம். சத்தம் கேட்காது, மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஆடைத் தொழிலில் நாம் கண்டது

மலையகத்தில் தேயிலை மட்டும்தான் ஏற்றுமதி என்று நாம் நினைக்கிறோம். தோட்டத்து லயத்தில் தாய் கொழுந்து பறிக்கிறாள், மகள் கட்டுநாயக்கவிலோ பியகமவிலோ ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். மகள் அனுப்பும் காசும் நமது கடைக்குத்தான் வருகிறது. ஆகவே ஆடைக்கு வரும் காய்ச்சல் நமக்கும் வரும்.

பல வருடங்களாக அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக நமது ஆடைகளை அதிகம் வாங்கிய தனி நாடு பிரித்தானியா. வாக்கெடுப்பு முடிவு வந்த அந்த வெள்ளிக்கிழமையே பவுணின் பெறுமதி 1985 இற்குப் பிறகு காணாத அளவுக்கு டொலருக்கு எதிராக விழுந்தது. முந்திய இரவு 1.50 டொலர் வரை ஏறியிருந்த பவுண், விடிந்தபோது 1.32 டொலர் வரை இறங்கியிருந்தது. டொலரில் விலை பேசிய ஆடைக்கு லண்டன் வியாபாரி திடீரென்று கூடுதல் பவுண் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் என்ன செய்வார்? நாம் செய்வதைத்தான் செய்வார். சப்ளையரைக் கூப்பிட்டு ‘கொஞ்சம் குறையுங்கள்’ என்பார். மதில் எழுவதற்கு நாலரை வருடங்களுக்கு முன்பே நாணயம் முதல் அடியை அடித்துவிட்டது என்பதை வர்த்தகர்கள் கவனிக்க வேண்டும்.

மதில் எழுந்த பிறகு இன்னொரு சிக்கல். ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையால் இலங்கை ஆடை ஐரோப்பாவுக்கு நேரே போனால் தீர்வையில்லை. அதே ஆடை பிரித்தானியாவில் சுங்கம் தாண்டி, லண்டன் களஞ்சியத்தில் தங்கி, பிறகு டப்ளின் கடைக்குப் போனால் ஐரோப்பியச் சலுகை போய்விடும். பெரும்பாலான ஆடைகளுக்கு ஐரோப்பாவின் சாதாரண தீர்வை 12 வீதம்.

சலுகை போனால் என்ன நடக்கும் என்பதை நாம் முன்னரே ஒருமுறை அனுபவித்தவர்கள். மனித உரிமைச் சமவாயங்களை நடைமுறைப்படுத்தவில்லை என்று காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஓகஸ்ட் 15 முதல் நமக்கான ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையை நிறுத்தியது. பூச்சியமாக இருந்த தீர்வை 9.6 வீதமானது. 2017 மே 19 இல்தான் சலுகை திரும்பக் கிடைத்தது. அந்த 2010 தீபாவளிக்கு வழக்கமாக வரும் ஓர் அம்மா கடைக்கு வந்து, மூன்று சேலையை எடுத்துப் பார்த்து இரண்டைத் திருப்பி வைத்தார்.

“ஏன் தங்கச்சி, மகளுக்கு எடுக்கல்லயா?”

“மக வேலை செஞ்ச சின்ன பெக்டரிய மூடிட்டாங்க முதலாளி. வீட்டுக்கு வந்திருக்கு. அடுத்த வருசம் பாப்போம்.”

ஆனால் 2011 இல் நாட்டின் மொத்த ஆடை ஏற்றுமதி குறையவில்லை, கூடியது. பெரிய கம்பனிகள் தமது இலாபத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து வாங்குவோரைப் பிடித்து வைத்துக்கொண்டன. சிறிய தொழிற்சாலைகள் பலவற்றால் அது முடியவில்லை. மொத்தக் கணக்கைப் பார்த்தவர்கள் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்றார்கள். எனது கடை மேசையில் திருப்பி வைக்கப்பட்ட இரண்டு சேலைகள் அந்தக் கணக்கில் வரவில்லை.

இரண்டு வாசல், இரண்டு திறப்பு

நீதியாகப் பேசினால், பிரிவினால் நமக்கு நன்மையும் உண்டு. தனியாகப் போன பிரித்தானியா 2021 ஜனவரியிலிருந்து தனக்கென ஒரு சலுகைத் திட்டத்தை நடத்தியது. 2023 ஜூன் 19 இல் 65 வளர்முக நாடுகளுக்காகப் புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் இலங்கை மேம்பட்ட சலுகைப் பிரிவில் இடம்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 27 சர்வதேசச் சமவாயங்களை நிபந்தனையாக வைக்கிறது. பிரித்தானியா அந்த நிபந்தனையைத் தனது புதிய திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. மேலும், எந்த நாட்டுத் துணியில் தைத்திருந்தாலும் இலங்கை ஆடையைத் தீர்வையின்றி ஏற்கும் வகையில் விதி தளர்த்தப்படும் என்று 2025 ஜூலையில் அறிவித்தது. துணியில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து எடுக்கும் நமது தொழிலுக்கு இது பெரிய விடயம்.

கென்யாவும் முந்திக்கொண்டது. மதில் எழுந்தால் தனது பூவுக்கும் போஞ்சிக்கும் தீர்வை விழும் என்று கண்டு, 2020 டிசம்பர் 8 ஆம் திகதியே பிரித்தானியாவுடன் தனி உடன்படிக்கை செய்தது. கடைசி நாள் வரை காத்திருக்கவில்லை.

ஆனால் வாசல் இரண்டானால் திறப்பும் இரண்டு. தேயிலையில் தங்கும் கிருமிநாசினியின் அளவுக்குக் கூட்டாக இருந்தபோது ஒரே வரம்பு. பிரித்தானியா அந்த வரம்புகளை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியேறியது. அதன் பிறகு இரு தரப்பும் தனித்தனியாக மாற்றம் செய்கின்றன. இன்று ஒத்திருப்பது நாளை ஒத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இது எவ்வளவு கூர்மையான கத்தி என்பது மலையகத்துக்குத் தெரியும். 2015 இல் கிளைபோசேட் களைநாசினி இங்கு தடை செய்யப்பட்டது. தோட்டங்கள் வேறு களைநாசினிக்கு மாறின. அதன் எச்சம் ஜப்பானின் வரம்பைத் தாண்டியதால் நல்ல விலை தரும் அந்தச் சந்தையில் நமது தேயிலை சிக்கலுக்குள்ளானது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை நீக்கப்பட்டது. ஜப்பான் நமது தேயிலைக்குத் தீர்வையைக் கூட்டவில்லை. ஆய்வுகூட அறிக்கை ஒன்றே போதுமாக இருந்தது.

முதல் தடவையும் அல்ல

பிரித்தானியா கூட்டணி மாறி நம்மைத் திகைக்க வைத்தது இது முதல் தடவை அல்ல. 1932 ஒட்டாவா மாநாட்டிலிருந்து பேரரசு நாடுகளுக்குள் ஒரு சலுகை வட்டம் இருந்தது. 1973 ஜனவரி 1 இல் பிரித்தானியா அந்தப் பழைய வட்டத்தைக் கைவிட்டு ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் சேர்ந்தது. வெண்ணெய் விற்ற நியூசிலாந்து வாதாடித் தனி விசேட ஏற்பாடு பெற்றது. ஆபிரிக்க, கரீபியன் நாடுகளுக்கு 1975 இல் லோமே உடன்படிக்கை கிடைத்தது. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய ஐந்து நாடுகளுக்கும் கிடைத்தது ‘உங்களைப் பற்றி யோசிப்போம்’ என்ற பொருளில் ஒரு கூட்டுப் பிரகடனம் மட்டுமே.

நியூசிலாந்து அந்த விசேட ஏற்பாட்டை நம்பி உறங்கவில்லை. அவுஸ்திரேலியா, ஜப்பான், பின்னர் சீனா என்று வாடிக்கையாளர்களைத் தேடிப் போனது. நமது தேயிலையும் மத்திய கிழக்கைத் தேடிப் போனது. 2016 இல் தேயிலை தப்பியதற்கு அந்தப் பழைய பயணமே காரணம் எனலாம். லண்டனையே நம்பியிருந்தால் எனது சோதிடம் பலித்திருக்கும்.

நாம் கேட்க வேண்டியவை

சகோதர வர்த்தகர்களே, இதையெல்லாம் வைத்து நமது தொழிலில் என்ன செய்யலாம்? நான் கற்றதைச் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் பொருளின் தீர்வை இலக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘ஏற்றுமதி பாதிக்கும்’ என்று பொதுவாகச் சொல்லும் செய்தி உங்கள் பொருளுக்குப் பொருந்துமா என்பதை அந்த இலக்கம்தான் சொல்லும். தேயிலையும் ஆடையும் ஒரே கப்பலில் போனாலும் ஒரே சட்டத்தில் போவதில்லை.

இரண்டாவது, பொருள் கடைசியாக விற்கப்படும் இடம் வரை வழியைக் கேட்டறியுங்கள். லண்டனுக்கு அனுப்புகிறேன் என்று நண்பர் நினைத்தார். உண்மையில் அவர் பாரிஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, ஒரு வாசலுக்கான லேபலை வருடக்கணக்குக்கு அச்சடிக்காதீர்கள். அச்சகக்காரர் தரும் கழிவைவிட மாற வேண்டிய நேரத்தில் மாற முடிவது பெறுமதி.

நான்காவது, கடதாசிச் செலவைப் பங்கு போடுங்கள். முப்பது பெட்டிக்காரர் பத்துப் பேர் சேர்ந்தால் முந்நூறு பெட்டி. ஒரு பிரகடனம், ஒரு ஏஜென்ட், ஒரு ஐரோப்பிய இறக்குமதியாளர். தலவாக்கலை நண்பர் இப்போது நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கம் வாசனைத் திரவியம் அனுப்பும் சிலரோடு இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார். நமது வர்த்தக சங்கங்கள் வருடாந்த விருந்துபசாரத்தோடு நில்லாமல் இதைக் கையிலெடுத்தால் பயன் உண்டு.

ஐந்தாவது, பிறர் தந்த சலுகையை இலாபக் கணக்கில் நிரந்தரமாக எழுதாதீர்கள். அது இரவல் நகை. கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளலாம், அடகு வைத்துக் கடை கட்டக்கூடாது. 2010 இல் ஐரோப்பா திருப்பிக் கேட்டது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நமது பொருட்களுக்கு 44 வீதத் தீர்வையை அறிவித்து, பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓகஸ்டில் 20 வீதமாக்கியது. ஏறியதும் இறங்கியதும் அவர்களது பேனாவால்தான்.

அந்த ஏப்ரல் மாதத்தில் பழைய டீமேக்கர் ஐயா மீண்டும் கடைக்கு வந்தார். ஓய்வு பெற்று, தலை முழுவதும் நரைத்துவிட்டது. கதிரையில் அமர்ந்து தேத்தண்ணியைக் கையிலெடுத்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார்:

“நானா, இப்ப அமெரிக்காக்காரன் வரி போட்டிருக்கானாம். தீபாவளிச் சரக்கைக் குறைக்கிறீங்களா?”

“தெரியாது ஐயா” என்றேன். “எந்தப் பொருள், எந்த வாசலால போகுதுன்னு முதல்ல பாத்துட்டுச் சொல்றேன்.”

அந்த முறை எவரிடமும் சோதிடம் சொல்லாமல், கட்டுநாயக்கவில் பிள்ளைகள் வேலை செய்யும் வாடிக்கையாளர்களிடம் ஒவ்வொருவராக விசாரித்த பிறகே ஓடர் எழுதினேன். சரக்கு மிஞ்சவும் இல்லை, வந்தவர் வெறுங்கையோடு திரும்பவும் இல்லை.